நூத்துக்கு நூறு பலிதம்

அந்த ஸ்டிக்கரெப் பாத்துத்தானுங்களே சிரிக்கறீங்க? முன்சீட்டு முதுகுல ஒட்டியிருக்குதே, 'கனகு சாமி அருள்வாக்குப் பீடம், தாராபுரம், நூத்துக்கு நூறு பலிதம்'னு, அதத்தானே? சிரிங்க தம்பி, தப்பில்லீங்க. இந்த ரூட்டுல ஓடற பஸ்ஸு பூராவும் ஒட்டியிருக்குது. எல்லாருந்தான் சிரிக்கறாங்க. ஆனா ஒன்னு தெரிஞ்சுக்கோங்க. அந்த நூத்துக்கு நூறு சாமி போட்ட கணக்கில்லை. நான் போட்டது. உங்க பக்கத்துல உக்காந்திருக்கறனே, இந்த நானு.

திருமூர்த்தீங்க என்ற பேரு. முப்பத்திரண்டு வருசம் எடை அளவு இன்ஸ்பெக்டர். நான் சந்தைக்குள்ள காலெடுத்து வெச்சா தராசெல்லாம் தானா நேரா நிக்கும்னு சொல்லுவாங்க. பெருமைக்குச் சொல்லலீங்க. படிக்கல்லுக்கு முத்திரை போட்ட கை இது. ரிட்டயர் ஆன பொறவு பாத்தா நிறுக்கறதுக்கு ஒன்னுமே இல்லை. ஊட்ல தெய்வானை, என்ற சம்சாரம், பருப்பு அளக்கற ஆழாக்கு உள்பக்கம் நசுங்கியிருக்குதுன்னு ரெண்டு தடவை சொன்னேன். மூணாந்தடவை சொன்னப்ப, "ஏனுங்க, கோயில் கொளம்னு எங்காச்சும் போயிட்டு வாங்களேன்"னா. சரின்னு போனேன். அப்படிப் போன எடந்தான் கனகு சாமி பீடம்.

சாமி முன்னாடி மிக்ஸி ரிப்பேர் கடை வெச்சிருந்தவருங்க. நல்ல மனுசன், வெகுளி. ஒரு நாளு கோயில்ல அருள் வந்துச்சு, ஏதோ சொன்னாரு, அது நடந்துச்சு. அதுலிருந்து வெள்ளிக்கெழமையானா கூட்டம். வருசா வருசம் சித்திரை ஒன்னாந்தேதி காத்தால ஊருக்குன்னு ஏழு வாக்குச் சொல்லுவாரு. தட்டுல கற்பூரம் எரிஞ்சு முடியறதுக்குள்ள ஏழும் முடிஞ்சிரும்.

நான் மொத மொத போனப்பக் கேட்டேன். "போன சித்திரையில சொன்ன ஏழு என்னாச்சுங்க?" ஒருத்தருக்கும் தெரியலை. ஒருத்தர் மூணு பலிச்சுதுங்கறாரு. ஒருத்தர் ஏழும் பலிச்சுதுங்கறாரு. ஒரு அம்மா, "எட்டு பலிச்சுதுங்க"ங்குது. முத்திரை இல்லாத கல்லுல ஊரே நிறுத்துட்டு இருக்குது! இதெச் சும்மா உடலாமுங்களா?

ஒரு நீள நோட்டு வாங்குனேன். ஸ்கேல் வெச்சு மூணு கட்டம் போட்டேன். பலித்தது. பலிக்க இருப்பது. நமக்குப் புரியாதது. பீடத்துக் கமிட்டியில காட்டுனேன், எல்லாரும் கை தட்டுனாங்க. மரகதம் டீச்சர்னு ஒரு அம்மா, கணக்கு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க, சாமி கும்புட வருவாங்க, ஆனா எல்லாத்தையும் நோண்டுவாங்க. அவங்க மட்டும், "பலிக்காததுக்குக் கட்டம் எங்கீங்க இன்ஸ்பெக்டர்?"னு கேட்டாங்க. நான் சொன்னேன், "டீச்சர், அந்தக் கட்டத்தெப் போட்டா அதெ ரொப்பச் சொல்லி மனசு அரிச்சுட்டே இருக்கும்." நியாயந்தானுங்களே?

மொத வருசம் சாமி, "ஆடியில ஆகாசம் கொட்டும்"னாரு. ஆடியில சொட்டு மழை இல்லை. ஆவணியும் போச்சு. டீச்சரு என்னெப் பாத்துப் புருவத்தெத் தூக்குறாங்க. இங்கதான் அனுபவம் வேணுங்கறது. எந்தக் கல்லும் கிராம் சுத்தமா இருக்காதுங்க. தேய்மானத்துக்குன்னு இவ்வளவு உட்டுக் கொடுக்கலாம்னு சட்டமே சொல்லுது. கல்லுக்கே சலுகை இருக்கறப்ப சாமிக்கு இல்லீங்களா? மொதல்ல பதினஞ்சு நாளு சலுகைன்னு வெச்சேன். பத்தலை. ஒரு மாசம்னேன். அதுவும் பத்தலை. கடைசியில முன்னால ஆறு மாசம், பின்னால ஆறு மாசம்னு வெச்சுட்டேன். எந்தப் பக்கம் சாஞ்சாலும் அடங்கிருமில்லீங்க.

ஐப்பசியில எங்க தெருவுல இருந்த தண்ணி டேங்கு இடிஞ்சு உழுந்துச்சு. ராவோட ராவா இல்லீங்க, பட்டப்பகல்ல. தெருப் பூராத் தண்ணி. பலித்ததுல எழுதிட்டேன். தண்ணி மேலிருந்து கீழெ உழுந்துச்சா இல்லையா? அன்னைக்குத் தெய்வானை சொன்னா, "ஏனுங்க, அந்த டேங்குத் தூண்ல வெடிப்பு உட்டிருக்குது, தீவாளிக்குள்ள உழுந்துரும்னு நான் ரெண்டு மாசமாச் சொல்லிட்டு இருக்கறனே"ன்னு. சொல்லிட்டுத்தான் இருந்தா. அது வெறும் பேச்சுங்க. கற்பூரம் இருந்துச்சா? இல்லை. தேதி வாரியா நோட்டுல இருந்துச்சா? இல்லை. மொளகாய் கிள்ளிக்கிட்டே சொன்னதெல்லாம் வாக்குல சேருமுங்களா? அவ இப்படித்தான் எதையாச்சும் சொல்லுவா. தெக்கால ஊட்டு ஆடு எப்பக் குட்டி போடும், சொந்தக்காரங்க ஒறம்பரைன்னு யாரு எப்ப வந்து நிப்பாங்க, எல்லாஞ் சொல்லுவா. அதும்படி நடக்கும். நான் அதெயெல்லாம் எழுதறதில்லை.

அடுத்த வருசம், "பெரிய தலை ஒன்னு சாயும்"னாரு சாமி. யாருக்கும் ஒன்னும் ஆகலை, எல்லாத் தலையும் கெட்டியா இருந்துச்சு. மாசியில ரைஸ் மில்லுக்குப் பக்கத்துல ஒரு தென்னை மரம் சாஞ்சுது. தென்னைக்குத் தலை இருக்குதில்லீங்க? எழுதிட்டேன். ஏழுக்கு ஏழு. அந்த வருசந்தான் ஸ்டிக்கர் அடிச்சுது.

அப்பத்தான் மரகதம் டீச்சரு கமிட்டி முன்னால எழுந்திரிச்சு ஒரு வார்த்தை சொன்னாங்க. "இன்ஸ்பெக்டர், நடந்ததுக்குப் பொறவு எழுதறதெல்லாம் உட்ருங்க. ஆளு, நாளு, பொருளு மூணையும் முன்கூட்டியே எழுதி வெச்சு, அளக்க முடியற மாதிரி ஒன்னே ஒன்னு காட்டுங்க. அது பலிச்சா இந்தப் பீடத்தெ நான் தெனமும் கூட்டிப் பெருக்கறேன்."

எனக்குச் சுருக்குனு இருந்துச்சுங்க. எத்தனையோ யாவாரிங்க என்னெத் திட்டியிருக்கறாங்க, சாபம் உட்டிருக்கறாங்க. அளவு சரியில்லைன்னு ஒருத்தரும் சொன்னதில்லை.

அந்தப் பொரட்டாசியில தெய்வானைக்குக் கண்ணு வலி வந்துச்சு. தலையும் சேந்து வலிக்குதுங்கறா. வெளக்கெச் சுத்தி வளையம் வளையமாத் தெரியுதுங்கறா. தாராபுரத்து டாக்டரு பாத்துட்டு, "கண்ணுக்குள்ள அழுத்தம் எச்சா இருக்குது, கோயமுத்தூர்ல பெரிய ஆஸ்பத்திரிக்கு இந்த வாரமே கூட்டிட்டுப் போங்க"ன்னாரு. நான் நேராப் பீடத்துக்குப் போனேன். வெள்ளிக்கெழமை. சாமிக்கு அருள் வந்து ஆடிட்டு இருக்குறாரு. "என்ற சம்சாரத்துக்குக் கண்ணு..."ன்னேன். "கண்ணு எங்கயும் போகாது, நாப்பத்தெட்டு நாளு தீர்த்தம் போடு"ன்னாரு.

எனக்குப் புல்லரிச்சுப் போச்சுங்க. ஆளு, தெய்வானை. நாளு, நாப்பத்தெட்டு. பொருளு, கண்ணு. மூணும் அமைஞ்சிருச்சு! அங்கயே உக்காந்து தேதி போட்டு எழுதி, டீச்சரையும் கையெழுத்துப் போடச் சொன்னேன். டீச்சரு மூஞ்சி செத்துப் போச்சு. "ஐயோ, நான் இதெக் கேக்கலீங்க. மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க"ன்னாங்க. கையெழுத்துப் போடலை. தோத்துருவோம்னு பயம்.

ஆஸ்பத்திரிக்குப் போகாதேன்னு சாமி சொல்லலீங்க. அதெ ஒளிக்க மாட்டேன். அது நானா எடுத்த முடிவு. தீர்த்தமும் போட்டு, மருந்தும் போட்டா, எதுல சரியாச்சுன்னு எப்படிச் சொல்றது? ஒரு தட்டுல ஒரு கல்லுதான் வெக்கோணும். தெய்வானைகிட்டப் பொறுமையா எடுத்துச் சொன்னேன். அவ கேட்டா, "டீச்சரு கேட்டதுக்கா என்ற கண்ணெ வெக்கறீங்க?"

"உனக்காகத்தான் புள்ளெ"ன்னேன்.

தெனமும் காத்தால நானே தீர்த்தம் போட்டு உட்டனுங்க. ஒரு நாளு தவறலை. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருசத்துல நான் அவளெ அப்படிப் பாத்துக்கிட்டதே இல்லை.

நாப்பத்தோராம் நாளு, மத்தியானம், அவரைக்காய் அரிஞ்சுட்டு இருந்தவ அப்படியே நிறுத்திட்டா. "ஏனுங்க, வலதுல ஒன்னுந் தெரியலை"ன்னா. சத்தமாக்கூடச் சொல்லலை. உப்பு தீந்து போச்சுங்கற மாதிரிதான் சொன்னா. நான் எடது கண்ணெப் பொத்தி வெரலெக் காட்டுனேன். "எத்தனை?"ன்னேன். அவ வெரலெப் பாக்காம என்ற குரல் வந்த பக்கம் திரும்பி, "உங்க வெரலு உங்களுக்குத் தெரியாதுங்களா?"ன்னா.

காட்டுன வெரலெ மடக்கிக்கிட்டேன். ஆனா இன்னும் ஏழே நாளுதானுங்களே பாக்கி. "ஏழு நாளு பொறுத்துக்கோ"ன்னேன். அவ எந்திரிச்சுப் போயிப் பெங்களூர்ல இருக்கற எங்க பையனுக்குப் போன் போட்டா. மறுநாளு காத்தால வந்து நின்னான். என்னெ ஒரு வார்த்தை கேக்கலை. கூட்டிட்டுக் கோயமுத்தூரு போயிட்டான். வலது போனது போனதுதான்னுட்டாங்க. எடதெக் காப்பாத்தியாச்சு, ஆயுசுக்கும் சொட்டு மருந்து போடோணும்னாங்க.

நாப்பத்தெட்டாம் நாளு நான் நோட்டெ எடுத்து வெச்சு நல்லா ரோசனை பண்ணுனேன். சாமி என்ன சொன்னாரு? 'கண்ணு எங்கயும் போகாது.' கண்ணு ரெண்டும் போகாதுன்னு சொன்னாரா? இல்லை. இப்ப அவளுக்குக் கண்ணு இருக்குதா? இருக்குது. எழுதிட்டேன். பலித்தது.

அப்படிப் பாக்காதீங்க தம்பி. எனக்கும் தெரியும். ரெண்டுல ஒன்னு தேய்மானம்னு ஒரு கல்லுக்கு உட்டிருந்தா அன்னைக்கே என்ற வேலை போயிருக்கும். ஆனா அது கல்லு. இது வேறயில்லீங்களா?

சித்திரை ஒன்னு வந்துச்சு. பந்தல் போட்டு, மைக் வெச்சு, நான்தான் வாசிக்கறேன். ஊரு வாக்கு ஏழும் வாசிச்சாச்சு. எட்டாவதாத் தனி வாக்குன்னு சொல்லிட்டு, "ஆளு, தெய்வானை. நாளு, நாப்பத்தெட்டு. பொருளு, கண்ணு. பலித்தது"ன்னேன். கை தட்டறதுக்கு எடம் உட்டு நிறுத்துனேன். பொம்பளைங்க பக்கத்துல முன்வரிசையில தெய்வானை. நான் எதிர்பாக்கலை, எந்திரிச்சு நிக்கறா.

"எந்தக் கண்ணுன்னும் வாசிங்க."

"அது எழுதலை புள்ளெ"ன்னேன், மைக்குலயே. நெசமாவே எழுதலீங்க.

"எழுதிட்டு வாசிங்க."

அப்ப மேடையில உக்காந்திருந்த சாமி எந்திரிச்சு வந்தாரு. அருளு கிருளு ஒன்னுமில்லை, சும்மா மனுசனா நடந்து வந்தாரு. "இன்ஸ்பெக்டரு, அது பலிக்கலீங்க. அதெ அடிச்சுருங்க"ன்னாரு.

நானு எத்தனை பேரெப் பாத்திருப்பேன்! ஆனா யாவாரியே வந்து தன்ற கல்லு தப்புன்னு சொன்னதெ அன்னைக்குத்தான் பாத்தேன். "சாமி, வாக்குச் சொல்றது உங்க வேலை. பலிச்சுதா இல்லையான்னு பாக்கறது கமிட்டி வேலை. இதுல நீங்க தலையிடாதீங்க"ன்னேன்.

"அன்னைக்கு நான் என்ன சொன்னேன்னே எனக்கு நெனப்பில்லீங்களே!"

"அதுக்குத்தானுங்க நோட்டுப் போட்டது."

அவரு என்னெப் பாத்தாரு. பொறவு மாலையெக் கழட்டி மைக்கு மேல மாட்டிட்டு எறங்கிப் போயிட்டாரு.

அடுத்த நாளு காத்தால ஊட்டுக்கு வந்தாரு. சட்டை போட்டிருந்தாரு, அடையாளமே தெரியலை. தெய்வானை முன்னால உக்காந்து கொழந்தையாட்டம் அழுகறாரு. "என்னால போச்சும்மா, என்னால போச்சும்மா"ங்கறாரு. இவ காப்பி கொண்டாந்து வெச்சா. "அழுகாதீங்க, உங்க ஒருத்தரால போகலை. அந்த மிக்ஸி மூணு மாசமா ஓடமாட்டீங்குது, என்னன்னு பாருங்க"ன்னா. மனுசன் கண்ணெத் தொடச்சுட்டு மிக்ஸியெக் கவுத்துப் போட்டாரு. அரை மணி நேரம். பொறவு நிமுந்து, "இப்ப ஓடுமுங்கம்மா"ன்னாரு. இவ பொத்தானெ அமுக்குனா. ஓடுச்சு. "ஓடுதுங்க"ன்னா. அந்த ஒரு வார்த்தைக்கு அவரு ரெண்டு கையையும் எடுத்துக் கும்புட்டாரு பாருங்க, அம்மன் முன்னால கூட அப்படிக் கும்புட்டதில்லை.

இப்ப மறுபடி கடை வெச்சுட்டாரு. வாக்குச் சொல்றதில்லை. பீடத்தெ நான் பூட்டலீங்க. பூட்ட முடியாது. 'பலிக்க இருப்பது'ல பதினோரு வாக்கு நிக்குது, அது முடியற வரைக்கும் ஒருத்தர் உக்காந்து பாக்கோணுமில்ல? வெள்ளிக்கெழமை நான் போயித் தெறந்து வெச்சு உக்காந்திருப்பேன். கூட்டமெல்லாம் இல்லை. ஸ்டிக்கரு தீந்துட்டா மறுபடி அடிக்கோணும்.

தெய்வானையா? சாமி ஊட்டுக்கு வந்துட்டுப் போன அந்த வாரமே பொள்ளாச்சிக்கு அவ தம்பி ஊட்டுக்குப் போயிட்டா. சண்டையெல்லாம் இல்லீங்க. ஓய்வு. அஞ்சு மாசமா ஓய்வு. நான் மாசா மாசம் போயிட்டு வர்றேன். மச்சினன் நல்லாத்தான் பேசுவான், சாப்பாடு போடுவான்.

இன்னைக்குக் காத்தால கெளம்பறப்பவே தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் வந்தேன். "இன்னைக்கு அவ வருவா"ன்னு. பால்காரன்கிட்டச் சொன்னேன். பொழுது சாஞ்சதும் அரை லிட்டரு எச்சா ஊத்தச் சொல்லியிருக்கறேன்.

போனேன். மருந்து போடற நேரமுங்க. அண்ணாந்து உக்காந்து தானே போட்டுக்கறா. ரெண்டு சொட்டு கன்னத்துல உழுந்துச்சு. "குடு, நான் போடறேன்"னு கையெ நீட்டுனேன். பாட்டலெ மடியில வெச்சுட்டா. "நானே போட்டுக்குவனுங்க"ன்னா. கோவமாச் சொன்னா பரவாயில்லை. மெதுவாத்தான் சொன்னா.

அப்பறம் கேட்டேன். "தெய்வானை, அந்த நோட்டுல அந்த வரியெ அடிச்சுட்டா வருவியா?"

அவ பாட்டலுக்கு மூடியெப் போட்டா. பொறவு, "நீங்க அடிப்பீங்களா?"ன்னா.

நான் என்ன சொல்லட்டுங்க? ஒரு வரியெ அடிச்சா மத்த வரியெல்லாம் என்னாகறது? அந்த ஸ்டிக்கரு என்னாகறது? முப்பத்திரண்டு வருசம் ஒரு முத்திரையெ நான் திருப்பி வாங்குனதில்லை. "அதெ ரோசனை பண்ணித்தான் சொல்லோணும்"னேன்.

அவ எந்திரிச்சுச் சீலையெ உதறிக் கட்டுனா. "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வர்றனுங்க, வாங்க"ன்னா.

எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுங்களா? இத்தனை மாசத்துல வாசப்படி தாண்டுனதில்லை. கூடவே நடந்து வந்தா. வலது பக்கம் வண்டி வந்தா அவளுக்குத் தெரியாதில்லீங்க, அதனால நான் அந்தப் பக்கம் போயி நடந்தேன். அதெ அவ கவனிச்சாளா என்னமோ. பஸ்ஸு நின்னுட்டு இருந்துச்சு. நான் ஏறி சீட்டுப் புடிச்சு, துண்டெப் போட்டு, கண்டக்டரு வந்தப்ப டிக்கெட்டும் எடுத்துட்டுச் சன்னல்ல எட்டிப் பாத்தேன். அவ கீழயே நிக்கறா. "ஏறு புள்ளெ, எடுத்துருவான்"னேன். "காத்து வர்ற பக்கமா உக்காந்துக்கோங்க"ன்னா. பஸ்ஸு எடுத்துட்டான். கை காட்டுனேன். நான் அவளுக்கு வலது பக்கமா இருந்தனா, தலையெ முழுசாத் திருப்பித்தான் பாத்தா. திருப்பிப் பாத்தாளுங்க.

அப்படியே அடுத்த ஸ்டாப்புல நீங்க ஏறுனீங்க. துண்டெ எடுத்துட்டேன்.

ஆனா வருவான்னு சொன்னேன், வந்தா. அதுல ஒருத்தன் தப்புச் சொல்ல முடியாதுங்க. எங்க வரைக்கும்னு நான் சொல்லலையே.

என்னங்க தேடறீங்க, சில்லறையா? உள்ள வெய்யுங்க. கண்டக்டர்கிட்ட நான் பேசிக்கறேன். ஏனுங்க கண்டக்டரு, இவருக்கு நம்மகிட்ட டிக்கெட் இருக்குதுங்க. நீங்க பொள்ளாச்சியில கிழிச்சுக் கொடுத்ததுதான், நல்லாப் பாருங்க. ரெண்டு பேரு, தாராபுரம்னு போட்டிருக்குதுங்களா? ரெண்டு பேரு உக்காந்திருக்கறமா? சரியாப் போச்சில்லீங்க.